பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம்: பத்து கிலோ குறைத்துவிட முடியுமா, டாக்டர்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

வயது 38, உயரம் 158 சென்டிமீட்டர். பதினொரு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சுரப்புக் குறைவு கண்டறியப்பட்டு, அன்று முதல் தினமும் காலையில் மாத்திரை சாப்பிடுகிறார். இன்னும் ஏழு வாரத்தில் கணவரின் உடன்பிறந்தவர்கள் குடும்பங்களோடு பத்து நாள் சுற்றுலா. கடற்கரை, படகுச் சவாரி, படியேறி இறங்க வேண்டிய பழைய கோட்டைகள் எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. அதற்குள் 74 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு இறங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற வேளைகளில் காய்ச்சாறும் எலுமிச்சை கலந்த வெந்நீரும் என்று தொடங்கியிருக்கிறார். தோழி சொன்னபடி தைராய்டு மாத்திரையையும் அன்றிலிருந்தே ஒன்றுக்கு இரண்டாக விழுங்குகிறார். முதல் ஆறு நாளில் மூன்று கிலோ இறங்கியது. பிறகு எடை அசையவில்லை. ஒரு நாள் 300 கிராம் ஏறியும் காட்டியது. அந்த ஏமாற்றத்தில், இணையத்தில் மூலிகை என்று விற்ற கேப்சூல்களை வரவழைத்துச் சாப்பிடத் தொடங்கினார். இப்போது இரவில் ஐந்து மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. நெஞ்சு படபடக்கிறது. நான்கு நாட்களுக்கு முன்பு குளியலறையில் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்கும் கேள்விகள் நான்கு: மீதி ஏழு கிலோவைக் குறைக்க முடியுமா? எடை ஏன் நின்றுவிட்டது, தைராய்டு காரணமா? வயிறு மட்டும் குறைய என்ன பயிற்சி? இப்போது எல்லோரும் பேசும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து சில வரிகளை அவர் சொற்களிலேயே தருகிறேன். “போன சுற்றுலாவில் எடுத்த படங்களில் நான் இருக்கும் எல்லாவற்றிலும் கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்திருக்கிறேன். படகில் ஏறும்போது என் கணவரின் அக்கா, ‘நீ நடுவில் உட்கார், படகு சாய்ந்துவிடும்’ என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நேற்றுக் காலை நான் எடை பார்த்துவிட்டு இறங்கியதும் என் மகள் ஏறி நின்றாள். ‘நான் குண்டாகிவிட்டேனா அம்மா?’ என்று கேட்டாள். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.”

அன்புள்ள சகோதரி,

நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காமல், போகிற போக்கில் இரண்டு வரிகளில் எழுதிவிட்டுப் போன ஒன்றைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்த கையோடு செய்ய வேண்டிய காரியமும் அதில்தான் இருக்கிறது.

இன்றே நிறுத்த வேண்டியவை

கேப்சூலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தைராய்டு மாத்திரையை உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த பழைய அளவுக்கே கொண்டு வாருங்கள். பயந்துபோய் அதையும் சேர்த்து நிறுத்திவிட வேண்டாம். அந்த மாத்திரை உங்களுக்குத் தேவை, சரியான அளவில் தேவை.

உங்கள் உடலில் குறைவாகச் சுரக்கும் ஹார்மோனை ஈடுகட்டத்தான் அது தரப்படுகிறது. அளவு மீறினால் இதயம் வேகமாக அடிக்கும், சிலருக்கு ஒழுங்கு தப்பியும் அடிக்கும். கை நடுங்கும், தூக்கம் கெடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். அளவு மீறிய மாத்திரையால் குறைகிற எடையிலும் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்து போகிறது. உடல் பருமனுக்காகவோ எடைக் குறைப்புக்காகவோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். உடலில் சேர்ந்த அளவில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஏழு நாள் பிடிக்கும். எனவே இன்றைக்கு அளவைச் சரிசெய்தாலும் படபடப்பு முழுவதும் அடங்கச் சில நாட்கள் ஆகலாம்.

கேப்சூல் விஷயம் இதைவிடக் கவலை தருகிறது. சிபுட்ரமின் என்று ஒரு பசியடக்கி மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. அதற்குப் பிறகும், ‘முழுக்க இயற்கையானது’ என்ற பெயரில் விற்கப்படும் எடைக் குறைப்புப் பொருட்களைப் பரிசோதித்தபோது அதே மருந்து ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. சிறுநீர் பெருக்கிகள், பேதி மருந்துகள், தைராய்டு ஹார்மோன்கூட இப்படிக் கலக்கப்பட்டதுண்டு. உங்கள் கையில் இருக்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏற்கெனவே இரட்டிப்பு மாத்திரையால் உந்தப்படும் இதயத்தின் மீது அதையும் ஏற்றியிருக்கிறீர்கள்.

இரண்டு நாட்களுக்குள் உங்கள் டாக்டரைப் பாருங்கள். நாடித்துடிப்பு, உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம், ஒரு இசிஜி, ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், சோடியம், தைராய்டு அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். கேப்சூல் குப்பியைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மாத்திரையை இரண்டாக்கியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதை மறைத்தால் ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் தவறாகப் புரிந்துகொண்டு உங்கள் அளவையே மாற்றிவிடக் கூடும். இதற்கிடையில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், துடிப்பு தாறுமாறாகப் போவது போன்ற உணர்வு, இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மூன்று கிலோ எங்கே போனது, பிறகு ஏன் நின்றது

நம் உடல் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் உடல் முதலில் கைவைப்பது இந்த இருப்பில்தான். அதோடு தண்ணீரும் வெளியேறும். குடலில் எப்போதும் இருக்கும் உணவின் எடையும் குறையும். உங்கள் மூன்று கிலோவில் பெரும்பகுதி இதுதான். கொழுப்பும் கொஞ்சம் கரைந்திருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

பிறகு முள் நின்றதற்கும் உடல் ‘அடம்பிடிப்பதாக’ அர்த்தம் இல்லை. கடும் பட்டினியிலும் தூக்கமின்மையிலும் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ வரை தண்ணீரால் மட்டுமே ஏறும். ஒரு நாளைக்கு மூன்று முறை எடை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுவதெல்லாம் இந்தத் தண்ணீரின் ஏற்ற இறக்கம்தான். 300 கிராம் என்பது ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அதற்காக ஒரு பெண் கண்ணாடி முன் நின்று அழுதிருக்கிறாள் என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

தைராய்டைப் பற்றி: சுரப்புக் குறைவு எடையைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும்பங்கு உப்பும் தண்ணீரும். மாத்திரையின் அளவு சரியாக இருக்கும்போது, எடை குறைவதற்குத் தைராய்டு பெரிய தடையாக நிற்பதில்லை. எனவே அளவைக் கூட்டி எடையைக் குறைக்கும் வழியும் அங்கே கிடையாது. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சரியாக உட்கிரகிக்கப்பட இது போதும்.

இன்னொரு விஷயத்தையும் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு இரவு ஒரு மணி வரை கைப்பேசியில் சமையல் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், ‘எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை’ என்று. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் ஒரு ஆய்வு நடத்தினார். நல்ல ஆரோக்கியமுள்ள 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து, சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் இருந்தார்கள். கொடுக்கப்பட்டது நாளுக்குச் சுமார் 1,600 கலோரி. அதுவே அவர்களை எரிச்சலும் சோர்வும் உள்ளவர்களாக ஆக்கியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது 700 கலோரியைத் தாண்டாது. நள்ளிரவில் உங்களை அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வைப்பது பசி, சகோதரி. மனக்கட்டுப்பாட்டில் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஏழு வாரத்தில் ஆகக்கூடியது எவ்வளவு

இனி உங்கள் முதல் கேள்வி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி ஆற்றல் இருக்கிறது. ஏழு கிலோ என்றால் சுமார் 54,000 கலோரி. உங்களிடம் இருப்பது 49 நாள். ஆக, தினமும் செலவழிப்பதைவிட 1,100 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும். உங்கள் வயது, உயரம், எடை, அன்றாட வேலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஒரு நாள் செலவே சுமார் 1,900 கலோரிதான் வரும். மிஞ்சுவது 800 கலோரி. அந்த அளவில் சாப்பிடுவது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்யக்கூடியது. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது, தசை கரைகிறது, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டலாம். அதுவரை நடந்தது மறந்துபோயிருக்கும் என்பதால், பலர் அந்த முடி உதிர்வுக்குக் காரணம் தெரியாமல் தவிக்கிறார்கள்.

எனவே ஏழு கிலோ முடியாது. முயலவும் வேண்டாம் என்கிறேன்.

முடியக்கூடியது இது: தினமும் 1,400 முதல் 1,500 கலோரி சாப்பிட்டு, நடையும் சேர்த்து 450 அல்லது 500 கலோரி பற்றாக்குறை வைத்தால், பயண நாளுக்குள் மூன்று கிலோ அளவுக்கு உண்மையான கொழுப்பு குறையும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய முதல் வாரத்தில் எடை ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏறும். கிளைகோஜனும் தண்ணீரும் தங்கள் இடத்துக்குத் திரும்புகின்றன, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் பட்டினிக்குப் போய்விடாதீர்கள். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கிளம்பும் நாளில் நீங்கள் 69-க்கும் 71-க்கும் இடையில் எங்கோ இருப்பீர்கள் என்பது என் கணிப்பு.

இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் 74 கிலோவில் ஐந்து சதவீதம் 3.7 கிலோ. அந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு ஆகியவை சீராவதை மருத்துவத்தில் தொடர்ந்து பார்க்கிறோம். முழங்கால் வலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. மூன்று கிலோ குறைந்தவருக்கு ஒவ்வொரு அடியிலும் பன்னிரண்டு கிலோ மிச்சம். கோட்டைப் படிகளில் உங்கள் கால் அதைக் கட்டாயம் உணரும்.

எடை பார்க்கும் கருவியை அலமாரிக்குள் எடுத்து வையுங்கள். வாரம் ஒருநாள், காலைக்கடன் முடித்தபின், வெறும் வயிற்றில் ஒரே ஒரு முறை பாருங்கள். கூடவே ஒரு அளவு நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். முள் நிற்கும் வாரங்களில் நாடா இறங்கிக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என்ன சாப்பிடுவது

மூன்று வேளையும் சாப்பிடுங்கள். தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு முட்டை, மீன், கோழி, பருப்பு, பயறு, தயிர் போன்ற புரத உணவு. மீதிக் கால் பங்கு தானியம். தானியத்தை அறவே விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள், அதற்குத் தேவையில்லை. அளவு குறைந்தால் போதும்.

புரதம்தான் இந்த ஏழு வாரத்துக்கு முக்கியம். எடை குறையும்போது தசையைக் காப்பாற்றுவது அதுதான், பசியை நீண்ட நேரம் தாங்க வைப்பதும் அதுதான். சிறுநீரகக் கோளாறு இல்லாத உங்களுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 85 கிராம் வரை போகலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம், வேகவைத்த பருப்பு ஒரு பெரிய கிண்ணம் நிறைய எடுத்தால் சுமார் 18 கிராம், சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20-லிருந்து 30 கிராம் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடித்துவந்த காய்ச்சாற்றில் புரதம் அநேகமாக இல்லவே இல்லை. காயை வடிகட்டிச் சாறாக்கும்போது நார்ச்சத்தின் பெரும்பகுதியும் சக்கையோடு போய்விடுகிறது. அதே காயை அப்படியே மென்று சாப்பிடுங்கள். எலுமிச்சை வெந்நீர் பிடித்திருந்தால் குடிக்கலாம், கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

கலோரியைச் சத்தமில்லாமல் நாம் குறைக்கக்கூடிய இடங்கள் வேறு. சர்க்கரை சேர்த்த பானங்கள், தாளிக்கவும் பொரிக்கவும் ஊற்றும் எண்ணெய், குழந்தைகள் தட்டில் மீதி வைத்ததை எடுத்து வாயில் போட்டுக்கொள்வது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கையால் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எடை கூடிய பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டிலும் எடை ஏறக்குறைய மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, குறைவாகத் தூங்கியபோது 0.6 கிலோ மட்டுமே. மாத்திரை அளவு சரியாகி, வயிறும் நிறைந்தால் உங்கள் தூக்கம் தானாகவே திரும்பும் என்று நம்புகிறேன். அதிகாலை நான்கரைக்கு எழுந்து உடற்பயிற்சி செய்யும் திட்டத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள்.

வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி இல்லை

வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுத் தசை வலுப்படும். அதன் மேலிருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது. உடல் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. இடுப்பைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு வியர்ப்பது உங்கள் தோழியின் இன்னொரு யோசனை. அதைச் செய்யவே செய்யாதீர்கள். 1997-இன் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், போட்டிக்கு முன் எடையைக் குறைக்க நீர் புகாத உடையணிந்து, வெப்பமான அறையில் பயிற்சி செய்து, உடலில் நீர் வற்றி இறந்துபோனார்கள். உறுதியான உடற்கட்டுள்ள இளைஞர்கள் அவர்கள்.

பயிற்சியை வேறு கோணத்தில் திட்டமிடலாம். பயணத்தில் உங்கள் உடல் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? நாள் முழுக்க நடக்க வேண்டும். படிகள் ஏற வேண்டும், அதைவிட முக்கியமாக இறங்க வேண்டும். ஆடும் படகில் கால் ஊன்றி ஏற வேண்டும். ஐந்து வயது மகனைத் தூக்க வேண்டியிருக்கும். இதற்குத்தான் ஏழு வாரம் கையில் இருக்கிறது, இது தாராளமாகப் போதும்.

இதயத் துடிப்பு சீராகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, நாளுக்கு இருபது நிமிட நடையில் தொடங்குங்கள். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் சரியானது. வாரந்தோறும் ஐந்து ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்காவது வாரத்துக்குள் நீங்கள் முதல் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

வலுவுக்கு, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு நாற்காலி போதும். சுவரை ஒட்டிப் போடுங்கள். விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். அந்த மெதுவான இறக்கத்தில்தான் தொடைத் தசை வேலை செய்கிறது. முழங்கால் வலித்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டு முறை செய்து, ஓய்வெடுத்து, இன்னொரு எட்டு. அடுத்துச் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி, பிறகு குதிகாலை உயர்த்தி நிற்பது. மூன்றும் சேர்ந்து பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஐந்தாம் வாரத்திலிருந்து மாடிப்படியில் ஏறி மெதுவாக இறங்கிப் பழகுங்கள். பழக்கமில்லாத கால்களுக்குப் படி இறங்கிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை பிடித்துக்கொள்ளும். அந்த வலியைப் பயணத்தின் முதல் நாளில் வாங்குவதைவிட இங்கேயே வாங்கித் தீர்த்துவிடலாம். பயணத்துக்கென்று காலணி வாங்கினால் இப்போதே வாங்கிப் போட்டு நடங்கள்.

ஊசி பற்றி

செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் உண்மையிலேயே பலன் தருபவை. அவற்றைப் போட்டுக்கொள்பவரைச் சோம்பேறி என்று பேசுவது தவறு. ஆனால் அவை நீண்டகாலச் சிகிச்சைக்கானவை. செமாகுளுடைடை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதம் ஒரு படியாக ஏற்றி, முழு அளவான 2.4 மில்லிகிராமை எட்டவே நான்கு மாதம் ஆகும். ஆரம்ப வாரங்களிலும் அளவைக் கூட்டும்போதும் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு சகஜம். ஏழு வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது கொஞ்சம் எடைக் குறைவும், படகில் குமட்டலும்தான். நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு எடை திரும்புகிறது. ஒரு பெரிய ஆய்வில், நிறுத்திய ஒரே ஆண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இது ஆகாது. பயணம் முடிந்து வந்து, நிதானமாக உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். டாக்டரின் மருந்துச் சீட்டில்லாமல் யார் மூலமாகவும் வாங்காதீர்கள்.

படகும் கைப்பையும் உங்கள் மகளும்

பயணத்துக்கென்று அளவு சிறியதாக வாங்கி வைத்திருப்பதாக எழுதிய அந்த உடையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். இன்றைய உடம்புக்குப் பொருந்துகிற, நீங்கள் விரும்புகிற நிறத்தில் ஒன்று வாங்குங்கள். மூன்று கிலோ குறைந்தால் பக்கவாட்டில் ஒரு தையல் போட்டுக்கொள்ளலாம்.

கணவரின் அக்கா சொன்னதை இத்தனை காலம் மனதில் சுமந்திருக்கிறீர்கள். 64 கிலோவுக்கு வந்தாலும் அப்படிப் பேசுகிறவர் வேறொன்றைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடும். இதை உங்கள் கணவர் பேசுவதுதான் முறை. கிளம்புவதற்கு முன்பே தனியாக, ‘அக்கா, இவள் உடம்பைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம்’ என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அந்தப் படகில் அவரும்தான் இருந்திருக்கிறார். உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது என்றே உங்கள் எழுத்திலிருந்து புரிந்துகொள்கிறேன்.

உங்கள் மகளின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் விட்டதில் தவறில்லை. ஆனால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பதினொரு வயதில் உடல் உயரத்துக்கும் பருவத்துக்கும் தயாராகிறது. எடை கூடுவது அந்த வயதின் இயல்பு. அந்தப் பருவத்தில் தொடங்கும் பட்டினிப் பழக்கம் உணவுக் கோளாறு நோய்களுக்கு வழிவிடுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். “நீ வளர்கிற பிள்ளை, உன் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. அம்மா சாப்பிடாமல் இருந்தது தப்பு. அதனால்தான் மயக்கம் வந்தது. இனி உன்னோடு உட்கார்ந்து சாப்பிடப்போகிறேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். அன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாலை நடைக்கு அவளையும் அழைத்துப் போங்கள், எடையைப் பற்றிப் பேசாமல். அவள் சாப்பாட்டை ஒளித்து வைப்பதாகவோ தவிர்ப்பதாகவோ தெரிந்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயணத்தில் பிடித்ததைச் சாப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டாம். நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்யும்போது மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். திரும்பி வந்த உடனே எடை பார்க்காதீர்கள். வெளிச் சாப்பாட்டு உப்பும் பயணக் களைப்பும் பிடித்து வைத்த தண்ணீர் வடிய ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்திலேயே தைராய்டு ரத்தப் பரிசோதனையை மறுபடியும் செய்துகொள்ளுங்கள். அதற்குள் சரியான அளவில் ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும், முடிவு நம்பகமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.